முதற் பயனாளி

இலந்தைப்புலம் மக்கள் சுகநல ஒன்றியத்துக்கு நான் உபசெயலாளர். தெரிவு நடந்த அன்று நேரத்துக்கு வந்து சேர்ந்தவன் நான் ஒருவன்தான் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு என்னிடம் வேறு தகுதி இல்லை. செயலாளர் என்று ஒருவர் உண்டு. அவர் சுவிஸில் இருக்கிறார். ஆகவே அறிக்கை எழுதுவது, கதிரை அடுக்குவது, தலைவர் பேசும்போது மைக்கின் கழுத்தைத் திருகி அவர் வாய்க்கு நேராகப் பிடிப்பது எல்லாம் என் பொறுப்பு.

மானிப்பாயிலிருந்து உள்ளுக்கு இரண்டு மைல் வந்தால் எங்கள் ஊர். சுகநலம் என்று சொல்லக்கூடியதாக ஊரில் எதுவும் இல்லை. ஒன்றியம் இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு மண்டபமும், மண்டபச் சுவரில் ஐந்து பெயர்க்கல்லும் உண்டு. அத்திவாரம் இட்டவர், மண்டபம் திறந்தவர், மலசலகூடம் திறந்தவர், அதே மலசலகூடத்தைத் திருத்தியபின் மறுபடி திறந்தவர், கல் பதிப்பதற்கான சீமெந்தை உபகரித்தவர் என்று ஐந்து பேர்.

இந்த வருசம் சித்திரையில் ஒட்சிசன் மெசின் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் ஜெயசுதன், காலஞ்சென்ற தன் தகப்பனார் நினைவாக அனுப்பியது. மெசின் அறைக் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, நெஞ்சு வருத்தக்காரருக்கு மூக்குக் குழாய்வழி கொடுக்கும். சிலிண்டர் நிரப்பத் தேவையில்லை. சுவரில் செருகினால் போதும். எங்கள் கதை முழுக்க அந்தச் செருகலில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாளே அருளம்பலத்தார் சைக்கிளில் வந்தார். வெங்காயத் தோட்டக்காரர், அதிகம் கதைக்காத மனிசன். அவருடைய மனைவி கமலாவதியக்காவுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிற வருத்தம். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரி வார்டில் சுவர்க் குழாயோடு கிடக்கிறா. வார்டு டொக்டர் தர்சினி, "வீட்டிலை ஒரு ஒட்சிசன் மெசின் இருந்தால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ ஐயா, அவவும் அதைத்தானே கேட்கிறா" என்று சொல்லியிருந்தார். கமலாவதியக்கா கேட்டது அது ஒன்றுதான். வீட்டுக்குப் போகவேணும்.

தலைவர் சீவரத்தினம் ஓய்வுபெற்ற அதிபர். மேசைக்கு முன்னால் யார் நின்றாலும் பிந்தி வந்த மாணவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

"மெசின் வந்திட்டுது எண்டு கேள்விப்பட்டன் ஐயா."

"வந்திட்டுது. இன்னும் திறக்கேல்லை."

"பெட்டி திறக்கிறதெண்டால் நான் ஒரு கை தாறன்."

"பெட்டி திறந்தாச்சு அருளம்பலம். மெசினைத்தான் திறக்கேல்லை. அதுக்கு ஜெயசுதன் தம்பி வரவேணும். நல்லூர்த் திருவிழாவுக்கு வாறார். ஆவணி."

"இப்ப சித்திரை."

"ஓம். நாலு மாசம்தானே. இத்தினை வருசம் இந்த ஊர் மெசின் இல்லாமல் இருந்ததில்லையோ?"

அருளம்பலத்தார் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "அவவுக்கு அவ்வளவு நாள் தாங்குமோ தெரியாது."

"ஒரு பிள்ளை தகப்பனை நினைச்சு அனுப்பின சாமானை அவன் வராமல் பாவிக்கிறது முறையில்லை. அப்பிடி எடுத்த காத்து உம்மடை மனிசிக்கும் செமிக்காது" என்றார் தலைவர். பிறகு மனமிரங்கி, கமலாவதியக்காவை முதற் பயனாளி என்று பதியச் சொன்னார். நான் பதிந்தேன். இலக்கம் ஒன்று. அருளம்பலத்தார் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பெயர் பொறிக்கும் வேலை அடுத்த கிழமை நடந்தது. "அமரர்" என்று தொடங்கும் பொன்னிற ஒட்டுத்தாள், ரொறன்ரோவிலேயே அச்சடித்தது. மெசினின் உடம்பு எங்கும் வளைவும் சிறு துளைகளும். பின்பக்கத்தில் ஒரே ஒரு இடம்தான் மட்டமாக இருந்தது. அதில் கம்பனிக்காரன் ஏதோ எண்கள் எழுதியிருந்தான். தலைவர், "அந்த இடம் சும்மாதானே கிடக்குது" என்றார். ஒட்டியவன் நான். கோணாமல் ஒட்டினேன் என்று சபையில் பாராட்டும் கிடைத்தது.

எண்களை வாசித்தாயோ என்று நீங்கள் கேட்கலாம். வாசித்தேன். 115 வோல்ற்று என்று இருந்தது. எங்கள் சுவர் தருவது 230. கனடாச் சாமான் ஒன்று எரிந்து சாகாத வீடு எங்கள் ஊரில் இல்லை. என் வீட்டில் மச்சாள் அனுப்பிய கோப்பி மெசின் ஒரு கோப்பை கூட ஊற்றாமல் செத்தது. ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அறிக்கை எழுதுகிறவன் சபையில் கதைப்பதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவனும் நான்தான்.

அருளம்பலத்தார் வீட்டில் செத்தது சோறு அவிக்கிற சட்டி. ஒரு சுண்டு அரிசியோடு செத்ததாம். அதனால் அவர் மறுபடி வந்தார்.

"உது கனடா மெசின் எல்லே ஐயா. எத்தினை வோல்ற்று எண்டு பின்னுக்கு எழுதியிருப்பான். அந்தத் தாளை ஒருக்கால் கிளப்பிப் பாப்பமோ?"

"எந்தத் தாளை?"

"அந்தப் பொன் தாளை."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "செத்த மனிசன்ரை பேரை உரிக்கச் சொல்லுறீர்."

"உரிக்கிறேல்லை ஐயா. ஒரு ஓரத்தை மட்டும்."

"ஓரத்திலைதான் 'அமரர்' இருக்குது."

விடயம் தொழில்நுட்ப உபகுழுவுக்குப் போனது. அதன் தலைவர் கனகரத்தினம் மாஸ்ரர் முப்பத்திரண்டு வருசம் புவியியல் படிப்பித்தவர். அவர், தாளை உரிப்பது அநாவசியம் என்றும், ஊருக்கு மின்னறிவு போதாமையே பிரச்சினை என்றும் கண்டுபிடித்தார். ஆனியில் மண்டபத்தில் ஒரு நாள் கருத்தரங்கு. 'மின்மாற்றிகளையும் அடப்டர்களையும் பாதுகாப்பாகப் பாவித்தல்' என்று பதாகை. பயனாளியின் வீட்டில் ஒருவராவது சோதனையில் தேறிச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும் என்று நிபந்தனை.

மாஸ்ரர் பூகோள உருண்டையோடு வந்தார்.

"கனடா எங்கை இருக்குது? இங்கை, மேலை. குளிர். குளிரிலை எல்லாம் சுருங்கும். தண்டவாளம் சுருங்கும், கம்பி சுருங்கும், கம்பிக்குள்ளை ஓடுறதும் சுருங்கும். அதுதான் அங்கை நூற்றுப் பத்து. இங்கை வெக்கை. விரிஞ்சு இருநூற்று முப்பது. கரண்ட் ஒண்டுதான், காலநிலைதான் வேறை."

அருளம்பலத்தார் கையை உயர்த்தினார். "அப்ப மாஸ்ரர், நூற்றுப்பத்திலை ஓடுறதை இருநூற்று முப்பதிலை குடுத்தால் எரியாதோ?"

"அதுக்குத்தான் அடப்டர்." மாஸ்ரர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளைக் குமிழை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் கனடாவின் தட்டை முள்ளுக்கு ஓட்டை, மறுபக்கம் எங்கள் சுவருக்குப் பொருந்தும் மூன்று முள்ளு. "இதிலை மூண்டாவது முள்ளு என்னத்துக்கு எண்டு நினைக்கிறியள்? வேகத்தைக் குறைக்கிறதுக்கு."

"அது முள்ளின்ரை வடிவத்தைத்தானே மாத்தும் மாஸ்ரர். வேகத்தைக் குறைக்க ட்ரான்ஸ்போமர் எல்லோ வேணும். திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலை ரேடியோக் கடை சூசைதாசன் சொன்னவர்."

"சூசைதாசன் எதுவரை படிச்சவர்?"

அருளம்பலத்தாருக்கு அது தெரியாது. உட்கார்ந்துவிட்டார்.

சோதனையில் பத்துக் கேள்வி. ஏழாவது: 'வெளிநாட்டு உபகரணத்தைச் சுவரில் செருகுமுன் செய்யவேண்டியது யாது?' சரியான விடை, 'முட்களை உலர்ந்த துணியால் துடைத்தல்.' அருளம்பலத்தார், 'வோல்ற்றைப் பார்த்து, தேவையெண்டால் ட்ரான்ஸ்போமர் பூட்ட வேணும்' என்று எழுதி நாற்பத்தைந்து புள்ளியோடு தவறினார். ஊரில் தவறியவர் அவர் ஒருவர்தான். மறுமுறை எழுத ஆடி வரைக்கும் காத்திருந்தார். அப்போது 'உலர்ந்த துணி' என்று தெளிவாக எழுதி, எழுபது எடுத்தார். சான்றிதழை வாங்கும்போது அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உதைக் காட்டினால் மெசின் தருவினமோ தம்பி?" என்று என்னைக் கேட்டார். ஓம் அண்ணை என்றேன்.

வார்டில் கமலாவதியக்காவுக்கு இதற்குள் சுவர்க் குழாயின் திருகை இரண்டு தரம் கூட்டியிருந்தார்கள்.

ஆவணியில் ஜெயசுதன் வந்தார். திறப்புவிழா ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழ். முதற் பயனாளி மேடையில் உட்கார்ந்து மெசினிலிருந்து முதல் மூச்சை எடுப்பதாக ஏற்பாடு. டொக்டர் தர்சினிக்கு விருப்பமில்லை. கமலாவதியக்கா, "அங்கையிருந்து அப்பிடியே வீட்டை போயிடுவன் டொக்டர்" என்று கெஞ்சித்தான் வெளியேற அனுமதித் துண்டு வாங்கினவ. டொக்டர் ஒரு சின்னச் சிலிண்டரும் கொடுத்து, 'ஒரு மணித்தியாலத்துக்குள் மெசினில் இணைக்கவும்' என்று துண்டில் எழுதியிருந்தார். முச்சக்கர வண்டியில் மஞ்சள் சேலை உடுத்து வந்தா. வீட்டுக்குப் போகிற சேலை.

அருளம்பலத்தார் சைக்கிள் கரியரில் சாக்குப் போட்டு ஒரு இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சூசைதாசன் இரவல் தந்த ட்ரான்ஸ்போமர். ஆயிரம் வாட். "மெசின் இழுக்கிறதிலும் பார்க்க இரண்டு மடங்கு பெரிசா இருக்கவேணுமாம் தம்பி. நாள் முழுக்க ஓடுற சாமான் எல்லே, சூடாகக் கூடாதாம். முதல்லை இதைச் சுவரிலை குடுத்து, பிறகு மெசினை இதிலை குடுக்கச் சொன்னவர்." திருநெல்வேலியிலிருந்து வெயிலில் மிதித்து வந்தவர். சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

கனகரத்தினம் மாஸ்ரர் பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார். "உது மேடையிலை வடிவில்லை. போட்டோவிலை விழும்."

அந்த நேரத்தில் தலைவர் வேறொரு சிக்கலில் இருந்தார். ஜெயசுதனுக்கு நாரிப்பிடிப்பு, குனிய முடியாது. குத்துவிளக்கோ கட்டை. விளக்கை உயர்த்த ஏதாவது வேண்டும். இரும்புப் பெட்டியைக் கண்டதும் தலைவரின் முகம் மலர்ந்தது. வெள்ளைத் துணி விரித்து, விளக்கை அதன்மேல் வைத்தோம். அளவு எடுத்ததுபோல் இருந்தது. ட்ரான்ஸ்போமரும் மெசினும் மேடையில் ஆறடித் தூரத்தில் நின்றன. இடையில் ஒரு வயர் இல்லை, அவ்வளவுதான்.

பிரதம விருந்தினரான ஜெயசுதன் நல்லூரில் பூசை பார்த்துவிட்டு வரப் பத்தேகால் ஆனது. தலைவர் சிலிண்டரைக் காட்டி என்னிடம் மெல்லச் சொன்னார்: "உது அரசாங்கச் சிலிண்டர். அந்தப் பிள்ளை ரொறன்ரோவிலை இருந்து மெசின் அனுப்ப, இங்கை இவ வேறை காத்திலை இருந்தால் அது அவரை அவமதிக்கிற மாதிரி. திரைக்குப் பின்னாலை வையும். எங்கடை மெசினின்ரை குழாயை மாட்டிவிடும்."

"மெசின் இன்னும் போடேல்லை ஐயா."

"அஞ்சு நிமிசத்திலை போடுவம்."

மாட்டியவன் நான். கமலாவதியக்கா என்னைப் பார்த்து, "காத்து வரேல்லைத் தம்பி" என்றா. இப்ப வரும் அக்கா என்றேன்.

தலைவர் இருபத்தாறு நிமிடம் பேசினார். "மூச்சு என்பது என்ன? அது நாம் உள்ளே எடுப்பதா, வெளியே விடுவதா? இரண்டுக்கும் இடையில் ஓர் அமைதி இருக்கிறதே, அங்கேதான் கொடையாளியின் பெருமை இருக்கிறது. இதோ, இந்த ஏழைத் தாயைப் பாருங்கள். பேச முடியாமல் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்."

கமலாவதியக்காவின் உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கீழே முன்வரிசையிலிருந்து அருளம்பலத்தார் எழும்பி, "ஐயா, கெதியா" என்றார்.

"மக்களின் ஆர்வத்தைக் காண்கிறீர்கள்" என்றார் தலைவர், மைக்கில். கைதட்டினார்கள்.

ஜெயசுதன் நல்ல பிள்ளை. அதையும் சொல்லவேணும். தகப்பன் கடைசியாக இழுத்த மூச்சைப் போன் திரையில் பார்த்ததாகச் சொன்னபோது குரல் உடைந்து அழுதார். அழுது முடிய நாலு நிமிடம் ஆனது. தனக்கு இரண்டு கதிரைக்கு அப்பால் இன்னொரு மூச்சு போய்க்கொண்டிருந்ததை அந்தக் கண்ணீருக்கூடாக அவர் பார்த்திருக்க முடியாது. அவருக்குப் பிறகு மாஸ்ரர், அடப்டரைப் பட்டுத்துணியில் வைத்து நீட்டினார். முட்கள் உலர்ந்த துணியால் துடைக்கப்பட்டன. செருகினார்கள். ஜெயசுதன் ஆளியை அழுத்தினார்.

மெசின் ஒரு தரம் உறுமியது. பிறகு 'டப்' என்றது. பின்பக்கத்தால் ஒரு சாம்பல் நிறப் புகை எழும்பி, பொன் தாளைச் சுருட்டியது. பின்வரிசைக்காரர் வெடி கொளுத்தினார்கள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். போட்டோக்காரன் "ஒருக்கால் திரும்ப அழுத்துங்கோ அண்ணை" என்றான்.

அருளம்பலத்தார் மேடைக்கு ஏறிய வேகத்தை நான் அதுவரை அவரிடம் கண்டதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து சிலிண்டரைத் தூக்கிவந்து, என் கையைத் தட்டிவிட்டு, குழாயை மாற்றினார். மனிசியைத் தோளோடு அணைத்து இறக்கும்போது விளக்குக்குக் கீழே இருந்த பெட்டியை ஒரு தரம் பார்த்தார். விளக்கு வடிவாக எரிந்துகொண்டிருந்தது. முச்சக்கர வண்டி எங்கள் ஊருக்குள் திரும்பவில்லை. வார்டுக்கே போனது.

விசாரணை மூன்று கிழமை நடந்தது. உபகுழுவின் முடிவு இப்படி: அன்பளிப்பில் குறையில்லை. அடப்டரில் குறையில்லை. முட்கள் துடைக்கப்பட்டன. ஆகவே பயனாளி தரப்பில்தான் கவனக்குறைவு. பயனாளி வீட்டில் பாதுகாப்புச் சான்றிதழ் உள்ளவர் யார்? அருளம்பலம். சான்றிதழ் உள்ளவரே பொறுப்பு. இல்லாவிட்டால் சான்றிதழ் என்னத்துக்கு? ஏகமனதாக நிறைவேறியது. என் கையும் உயர்ந்திருந்தது என்று என் அறிக்கையிலேயே இருக்கிறது.

ஜெயசுதன் இன்னொரு மெசின் அனுப்ப ஆயத்தம். ஆனால் ஒன்றியத்தின் ரொறன்ரோக் கிளைக்கு, முதல் மெசின் ஏன் எரிந்தது என்று பயனாளி தரப்பிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். கடிதத்தை நான் எழுதினேன். 'எனது அறியாமையாலும் கவனக்குறைவாலும்' என்று தொடங்கியது. தலைவரும் நானும் அதை வார்டுக்குக் கொண்டுபோனோம்.

அருளம்பலத்தார் கட்டில் ஓரமாக இருந்து வாசித்தார். கோபிக்கவில்லை. "நான் மேடைக்கு ஏறவே இல்லையே ஐயா, மெசின் எரிஞ்ச பிறகுதானே ஏறினனான்" என்றார், தனக்கே சந்தேகம் வந்தவர்போல.

"அது வேறை விசயம். இது மெசின் வாறதுக்கான கடிதம்."

"கையெழுத்து வைச்சால் எப்ப வரும்?"

"அடுத்த நல்லூருக்கு."

கமலாவதியக்கா கையை நீட்டினா. கடிதத்தை வாங்கி, முகத்துக்குக் கிட்டப் பிடித்து, இரண்டு வரிக்கு ஒருக்கால் நின்று மூச்செடுத்து முழுக்க வாசித்தா.

"இவர் வைக்கவேண்டாம்" என்றா. "இவர்... ஊருக்கை இருக்கவேணும். நான்தான் செருகினன் எண்டு எழுதுங்கோ. நான் வைக்கிறன்."

"உமக்கென்ன விசரே?" என்றார் அருளம்பலத்தார்.

"எனக்குப் பேர் இருந்தென்ன. நீங்கள் சும்மா இருங்கோ."

தலைவர் என்னைப் பார்த்தார். "பயனாளியே ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லம். பேரை மாத்தி எழுதும்" என்றார். வார்டு மேசையில் வைத்து மாற்றி எழுதினேன். கமலாவதியக்கா கையெழுத்துக்குக் கீழே, யாரும் கேட்காமல், தன் எழுத்தில் ஒரு வரி சேர்த்தா: 'இவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.' எழுத அவவுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

ஒன்பதாம் நாள் கமலாவதியக்கா வீட்டுக்கு வந்தா. வெள்ளை வான் வண்டியில், பெட்டியில்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டில் பிரேதம் எடுக்குமுன் பந்தலுக்குக் கீழே இரங்கலுரை நடக்கும். ஒன்றியத்துக்கு முதல் இடம் தந்தார்கள். தலைவர் பேசினார். "தவறு செய்யாதவர் இல்லை. ஆனால் தன் தவறைத் தானே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு பெண்மணியை எனது நாற்பது வருடக் கல்விச் சேவையில் நான் கண்டதில்லை. அந்தக் கடிதத்தை எமது உபசெயலாளர் இப்போது வாசிப்பார்."

வாசிக்காமல் விட்டிருக்கலாம். தொண்டை கட்டிவிட்டது என்றிருக்கலாம். கடைசி வரியை மட்டுமாவது வாசித்திருக்கலாம். நான் முழுவதையும் வாசித்தேன், கடைசி வரியைத் தவிர. அது ரொறன்ரோவுக்கு அனுப்ப நான் அடித்த தட்டச்சுப் பிரதியில் இல்லை. நல்ல கணீரென்ற குரல் என்று பிறகு இரண்டு பேர் சொன்னார்கள்.

சுடலையால் வந்து, ஆட்கள் கலைந்தபின், அருளம்பலத்தார் நான் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார். மொட்டை வழித்த தலையோடு வேறு ஆள்போல இருந்தார்.

"தம்பி, அவ கையால எழுதினது ஒரு வரி கிடக்கெல்லே. அந்தக் கடிதம்."

"ஓம் அண்ணை. ஒன்றியத்தின்ரை கோவையிலை இருக்குது."

"அதைத் தரலாமோ? வேறை ஒண்டும் அவ எழுதினதெண்டு வீட்டிலை இல்லை."

கோவை என் சைக்கிள் பையில்தான் இருந்தது. கையை விட்டால் எடுக்கலாம். எனக்கு நெஞ்சு இளகித்தான் இருந்தது. கண்ணிலும் தண்ணி வந்தது. அதோடுதான் சொன்னேன்:

"மூலப்பிரதி எல்லே அண்ணை. சபை தீர்மானிக்கவேணும். ஒரு கடிதம் தாருங்கோ, அடுத்த கூட்டத்திலை எடுப்பம்."

அருளம்பலத்தார் தலையாட்டினார். கடிதத்தை யாருக்கு விலாசமிட வேணும் என்று கேட்டார்.

எனக்கு என்றேன்.